ப்ளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்கு: பள்ளியின் ஒரு நாளும் அதன் விதிகளும்

ஊரில் இருக்கும் உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதன்பின் பஸ் ஏறிப் பக்கத்து டவுனில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே பிள்ளைகள் அதிகம், ஆசிரியர்கள் புதியவர்கள், கட்டுப்பாடுகளும் புதியவை. பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர் என்ற முறையில் ஒவ்வோர் ஆண்டும் இப்படி வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாடப் புத்தகத்தின் கனத்தைவிட அவர்களை அதிகம் தடுமாற வைப்பது எது கூடும், எது கூடாது என்ற கேள்விதான். சிலர் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் மீறிப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஒரு விதி எங்கிருந்து வருகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் சேர்க்கையும் முதல் வாரமும்.

சேர்க்கைக்குப் போகும் முன்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். பழைய பள்ளியில் உங்கள் எமிஸ் எண்ணையும் (கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்பி, உங்கள் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, மதிப்பெண் பட்டியலில் இரண்டு தலைப்பெழுத்து என்று இருந்தால் இப்போதே திருத்த மனு கொடுங்கள். ப்ளஸ் டூ முடித்து, கல்லூரி விண்ணப்ப நேரத்தில் இதற்காக அலையும் குடும்பங்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அலுவலகத்தில் தயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பிரிவில் உள்ள எல்லாப் பாடங்களுக்கும் இப்போது ஆசிரியர் இருக்கிறாரா?" பெயர்ப்பலகையில் கணினி அறிவியல் இருக்கும், பணியிடம் காலியாக இருக்கும். தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதையும் அன்றே தெளிவாகச் சொல்லுங்கள். பிரிவு பொருந்தவில்லை என்று தோன்றினால் முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் போய்விட வேண்டும். காலாண்டுத் தேர்வு வரை மனத்துக்குள் வைத்திருந்து பயனில்லை.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்ததும் தனியார் பள்ளிக்கு மாற நினைக்கும் பெற்றோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது; அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதுதான் அதற்கான அடிப்படை. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்றுதான் பார்க்கின்றன. கடைசி இரண்டு ஆண்டுகளில் வெளியேறினால் எதை விடுகிறீர்கள் என்று தெரிந்து விடுங்கள்.

முதல் வாரம்

முதல் நாளே சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள். சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பத்து ஆண்டுகள் தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளை, பதினொன்றாம் வகுப்பின் முதல் மதியம் வெறும் கையோடு நிற்பதைப் பார்ப்பது கொடுமை. வீட்டில் காலையில் சமைக்க முடியாத நிலை இருந்தால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான பள்ளிகளில் ஆசிரியர்கள் ஏதாவது ஒரு வழி செய்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், சத்துணவு பன்னிரண்டு வரை நீள வேண்டும். பதினாறு வயதில் பசி குறைவதில்லை.

பஸ் பாஸ் வரும்வரை பள்ளிச் சீருடையும் அடையாள அட்டையும்தான் உங்கள் சான்று. இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் தருவார்கள். எப்போது வரும் என்று அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு, நாட்டுப்பண் என்று ஒரு வரிசை உண்டு. புதிதாக வந்தவர்கள் பின்வரிசையில் ஒளிந்துகொள்வார்கள். முதல் மாதத்திலேயே ஒரு நாள் செய்தி வாசிக்கப் பெயர் கொடுங்கள். அதன்பிறகு உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நான்கு ஆசிரியர்களாவது இருப்பார்கள். பெரிய பள்ளியில் அது பெரிய பாதுகாப்பு. மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் திட்டம் நடக்கும் பள்ளி என்றால் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்து குழுக்களில் ஒன்றில் உங்களைச் சேர்ப்பார்கள். வேறு பிரிவுப் பிள்ளைகளோடு பழக அது நல்ல வாய்ப்பு.

வருகைப் பதிவேட்டைப் பற்றி ஒரு சொல். ஆசிரியர் காலையில் உங்கள் பெயருக்கு நேராக ஒரு சாய்கோடு போடுவார். மதியம் அதைக் குறுக்காக வெட்டி இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு நாள். சாப்பிட்டுவிட்டு நழுவிப் போகிறவர்களின் கட்டத்தில் ஒற்றைக் கோடு மட்டும் நிற்கும். ஆண்டு முடிவில் அந்த ஒற்றைக் கோடுகள் கூடி நாட்களாகின்றன. பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் உள்ள 10 அக மதிப்பெண்ணிலும் வருகைக்கு ஒரு பங்கு உண்டு. வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, கல்வி இணைச் செயல்பாடுகள் ஆகியவை மற்றப் பங்குகள். உடம்பு சரியில்லாமல் வராவிட்டால், திரும்பி வரும் நாளிலேயே பெற்றோர் கையெழுத்தோடு விடுப்புக் கடிதம் கொடுங்கள்.

இன்னொன்று. பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18 கல்வியாண்டில் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதைக் கைவிட்டது. பிள்ளைகள் பெரும்பாலும் மகிழ்ந்தார்கள். ஆனால் நீட் தேர்வும் ஜேஇஇ தேர்வும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை விடுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் கணக்கும் இந்த ஆண்டின் மேல்தான் ஏறி நிற்கின்றன. செய்முறைப் பதிவேட்டை அன்றன்றே எழுதி முடித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

விதிகளை மூன்றாகப் பிரியுங்கள்

பள்ளியில் "இது கூடாது" என்று உங்களுக்குச் சொல்லப்படும் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. சில சட்டத்திலிருந்தும் அரசு உத்தரவிலிருந்தும் வருகின்றன. சில, அந்தப் பள்ளி தனக்காக வகுத்துக்கொண்டவை. மற்றவை யாரும் எழுதாமல் பழக்கத்தில் ஊறிப்போனவை. ஒரு விதி உங்களை உறுத்தும்போது முதலில் அது எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். யாரிடம் பேச வேண்டும், பேசினால் மாறுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு பைக். பதினாறு வயதில் கியர் வைத்த பைக் ஓட்டிப் பள்ளிக்கு வருவதைத் தலைமையாசிரியர் அனுமதித்தாலும் சட்டம் அனுமதிக்காது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிரம்பாதவர் இப்படி வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. "பஸ் வருவதில்லை சார், அதனால்தான் பைக்" என்று பையன்கள் சொல்வது பல ஊர்களில் உண்மை. அந்த உண்மையை பஸ்ஸுக்காகப் போராடப் பயன்படுத்துங்கள். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

கையில் கட்டும் வண்ணக் கயிறும் இந்த வகையில்தான் வரும். "கோயில் கயிறு சார், இதில் என்ன இருக்கிறது?" என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். கேட்பவர்களில் பலர் உண்மையாகவே நம்பிக் கட்டியவர்கள். ஆனால் தமிழகத்தின் பல பகுதிகளில் எந்த நிறம் எந்தச் சாதி என்று வகுப்பில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், உடன் படித்தவர்களாலேயே வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இந்த ஒரு விதியில் நான் மாணவர் பக்கம் வாதிட மாட்டேன். உங்கள் கயிறு பக்தியாகவே இருக்கட்டும். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு அது எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி. கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

செல்போன் கொஞ்சம் வேறு. தடை என்னவோ உறுதியானது, அது தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் மாணவர்கள் சொல்வதில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. மாலைச் சிறப்பு வகுப்பு முடியும்போது இருட்டிவிடுகிறது. கடைசி பஸ் போய்விட்டால் வீட்டுக்கு எப்படிச் சொல்வது? இங்கே தடையை எதிர்ப்பதைவிட ஒரு ஏற்பாட்டைக் கேட்பது நல்லது. அலுவலகத் தொலைபேசியில் பேச அனுமதி, அல்லது சிறப்பு வகுப்பு நாளில் காலையிலேயே போனை அலுவலகத்தில் ஒப்படைத்து மாலையில் வாங்கிக்கொள்ளும் வழக்கம். ஒளித்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டால் பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள். தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது ஒரு நாள் சம்பளம்.

இரண்டாம் வகை பள்ளி வகுத்தவை. முடிவெட்டு, இரட்டைச் சடை, ரிப்பன், கருப்புக் காலணி, வாயிற்கதவு சாத்தும் நேரம். பையன்கள் பக்கவாட்டில் வழித்து மேலே விட்டுக்கொண்டு வருவதும், உடற்கல்வி ஆசிரியர் வாசலில் பிடித்து நிறுத்துவதும் ஜூன் மாதத்துத் திருவிழா போல நடக்கும். என் கருத்தைக் கேட்டால், சுத்தமும் ஒழுங்கும் பள்ளி கேட்க உரிமையுள்ளவை. அதற்காக ஒருவன் தலையில் எல்லார் முன்னாலும் கத்தரிக்கோல் வைப்பது தவறு. பெண் பிள்ளைகள் இரட்டைச் சடையைப் பற்றிச் சொல்வதும் சரிதான். வீட்டு வேலையில் கைகொடுத்து, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளுக்குச் சடைக்கென்று தனியாக நேரம் கிடையாது. ஒற்றைச் சடை இறுக்கமாகப் பின்னினால் போதாதா என்ற கேள்விக்கு நல்ல பதில் நான் இதுவரை கேட்டதில்லை. இந்த வகை விதிகளைத் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் மாற்ற முடியும். அதுவரை கடைப்பிடியுங்கள். கடைப்பிடிக்கிறவர் கேட்கும்போதுதான் கேள்விக்குக் காது கிடைக்கிறது.

மூன்றாம் வகைதான் தொல்லை. ஆணும் பெண்ணும் பாடக் குறிப்பைக்கூட மாற்றிக்கொள்ளக் கூடாது, பெண்கள் நூலகத்துக்குத் தனியாகப் போகக் கூடாது, முதல் மதிப்பெண்காரர்தான் வகுப்புத் தலைவர், வகுப்பு நடக்கும்போது கழிவறைக்கு விடக் கூடாது. இவை எந்த ஏட்டிலும் இருக்காது. "இங்கே இப்படித்தான்" என்பதுதான் இவற்றுக்கு ஆதாரம். மரியாதையாகக் கேட்டால் இவற்றில் பாதி அன்றே தளர்ந்துவிடும்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

அடி எந்த வகையிலும் சேராது. ஆசிரியர் மாணவரை அடிப்பதற்கு இடம் கொடுத்த தமிழ்நாடு கல்வி விதி 2003இல் திருத்தப்பட்டு, உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதை ஒழிப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. "எங்கள் காலத்தில் அடி வாங்கித்தான் உருப்பட்டோம்" என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆசிரியர் அறையிலும் சொல்வார்கள். உருப்பட்டவர்கள்தான் அதைச் சொல்ல மிஞ்சியிருக்கிறார்கள். அடிக்குப் பயந்து படிப்பை விட்டவர்கள் ஆசிரியர் அறைக்கு வந்து பேசுவதில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, கழிவறையைக் கழுவச் சொல்வது, நிறத்தையோ உடலையோ கேலி செய்வது எல்லாமே இதே கணக்குத்தான்.

யாராவது தவறாகத் தொட்டாலோ பேசினாலோ, அது ஆசிரியரோ மூத்த மாணவரோ பஸ் நடத்துநரோ, நம்பும் ஒரு பெரியவரிடம் அன்றே சொல்லுங்கள். பள்ளியில் "மாணவர் மனசு" என்ற பெட்டி இருக்கும். பெயர் எழுதாமலும் போடலாம். பள்ளிக்குள் யாரையும் நம்ப முடியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்த பெரியவர் அதை மறைப்பதே குற்றம். அதனால் "வெளியே சொல்லாதே, உன் பெயர்தான் கெடும்" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

விதியை மாற்றக் கேட்பது எப்படி

வகுப்பறைச் சுவரில் எழுதுவதாலும், கூட்டமாகப் போய்த் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பதாலும் எதுவும் மாறுவதில்லை. எழுதிக் கொடுப்பதால் மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரே ஒரு விதியை எடுங்கள். ஐந்து குறைகளை ஒரே தாளில் எழுதினால், மறுக்க எளிதான ஒன்றைக் காட்டி ஐந்தையும் மறுத்துவிடுவார்கள். இரண்டாவது, அது ஏன் வந்தது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் என்றோ நடந்த ஒரு சம்பவம் இருக்கும். அந்தப் பயத்துக்கு உங்கள் மனுவில் பதில் இருக்க வேண்டும். மூன்றாவது, பாதிப்பை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது, அவ்வளவுதான். பிறகு வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். அவரைத் தாண்டிப் போனால் அவர் உங்களுக்கு எதிராகிவிடுவார், கூட்டிக்கொண்டு போனால் அவரே பேசுவார்.

கழிவறை அனுமதி கேட்டு மாணவிகள் எழுதும் மனு இப்படி இருக்கலாம்:

"உயர்திரு தலைமையாசிரியர் அவர்களுக்கு, பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இடைவேளை பத்து நிமிடம். அதற்குள் எங்கள் தளத்தில் உள்ள எல்லாரும் போய்வர முடிவதில்லை. வரிசையில் நிற்பவர்கள் மணி அடித்ததும் திரும்பிவிடுகிறோம். இதனால் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறோம். மாதவிடாய் நாட்களில் வகுப்பில் உட்காரவே முடிவதில்லை. வகுப்புக்கு ஓர் அனுமதி அட்டை வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் சென்றுவர அனுமதிக்க வேண்டுகிறோம். சென்ற நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் குறித்து வைக்கும் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம். ஒரு மாதம் நடத்திப் பார்த்துத் தாங்கள் முடிவு செய்ய வேண்டுகிறோம்."

இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. "ஊர் சுற்றப் போவார்கள்" என்ற பயத்துக்கு நேரக் குறிப்பு பதில் சொல்கிறது. ஒரு மாதம் என்று கேட்பதால் தலைமையாசிரியருக்கும் சம்மதிப்பது எளிது. 2025இல் பள்ளிகளில் தண்ணீர் மணி அடிக்கும் வழக்கம் வந்தது. பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மணி அடிக்கும் பள்ளி, கழிவறைக் கதவை மூடி வைக்க முடியாது. இதையும் பணிவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தாமத விஷயத்துக்கும் இதே வழிதான். "பஸ் லேட்" என்று வாசலில் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். ஒரே தடத்தில் வருகிறவர்கள் சேர்ந்து, பஸ் எண்ணையும் அது பள்ளி நிறுத்தத்துக்கு வந்த நேரத்தையும் இரண்டு வாரம் எழுதி, தலைமையாசிரியரிடம் இரண்டு கோரிக்கை வையுங்கள்: அந்தத் தடத்துப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாமல் உள்ளே விட வேண்டும், நேரத்தை மாற்றக் கேட்டுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குப் பள்ளியின் முத்திரையோடு கடிதம் போக வேண்டும். தனி ஆள் மனுவுக்குக் கிடைக்காத கவனம் பள்ளித் தலைப்பில் போகும் கடிதத்துக்குக் கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் உள்ளாட்சி உறுப்பினர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஊர் உறுப்பினர் அதில் இருந்தால், கூட்டத்துக்கு முன்பே அந்த இரண்டு வாரக் குறிப்பின் நகலை அவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

மனுவில் தேதி போடுங்கள், நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் வகுப்பாசிரியர் மூலம் ஒருமுறை நினைவூட்டுங்கள். முடியாது என்று பதில் வந்தால் காரணம் கேளுங்கள். அந்தக் காரணத்தை மனு நகலின் பின்புறம் எழுதி வையுங்கள். அடுத்த ஜூனில் நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு. தலைமையாசிரியர் மாறியிருக்கலாம், மேலாண்மைக் குழுவில் புதியவர்கள் வந்திருக்கலாம். அந்தக் காரணத்துக்கு ஒரு பதிலைச் சேர்த்து, அதே மனுவைத் திரும்பக் கொடுங்கள்.